பதிவேட்டில் பெயரில்லாத ஊர்கள்

(அனந்தபுரத்தில் உள்ளூர் வரலாறு பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செஞ்சிப் பக்கம் வரலாறு பேச வந்தால் பேச்சு தானாகவே கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் போய் ஏறிக்கொள்ளும். ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினார் என்று வழங்கும் கதையில் ஆரம்பித்து, விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர்ப் படை, 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று அந்தக் கோட்டை கைமாறிய கதையைச் சொல்ல ஒரு மாலைப்பொழுது போதாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை நம்முடையது. நமக்கெல்லாம் பெருமைதான். இருந்தாலும் இன்றைக்கு நான் மலை ஏறப்போவதில்லை.

கோட்டைக்குப் போனவர்கள் அடிவாரத்தில் நெற்களஞ்சியங்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த சுவர், வளைந்த கூரை. உள்ளே போய்ப் பேசினால் குரல் திரும்பி வரும். கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரி மேலேயும் களஞ்சியம் உண்டு, எண்ணெயும் நெய்யும் சேமித்த தொட்டிகளும் உண்டு. அங்கே நிற்கும் வழிகாட்டி எத்தனை மூட்டை கொள்ளும் என்று சொல்வார். அந்த நெல் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் அறுத்தார்கள், யார் தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அது அவர் குற்றமில்லை. எழுதி வைத்தவர்களே இல்லை.

1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படை செஞ்சியை முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1692-ன் கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வந்து முகலாயப் பாசறைக்குப் போன தானியத்தை மறித்தபோது, முற்றுகையிட வந்தவர்களே பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். போர் வரலாற்றில் இதை ஒரு படைத்தந்திரமாக எழுதுவார்கள். நான் அதை வேறொரு இடத்திலிருந்து பார்க்கச் சொல்கிறேன். இரண்டு பெரும் படைகள் எட்டு ஆண்டுகள் ஒரே வட்டாரத்தில் தானியம் தேடின. அவர்கள் தேடிப் போனது நம் களத்துமேட்டுக்குத்தான். விதைநெல்லைப் பானையில் போட்டு மண்ணில் புதைத்துவிட்டு ஊரைக் காலிசெய்து போனவர்கள் எத்தனை குடும்பமோ, திரும்பி வந்தவர்கள் எத்தனையோ. செஞ்சி வரலாற்றை முறையாக ஆராய்ந்து 1943-ல் நூலாகத் தந்த சி.எஸ். சீனிவாசாச்சாரியார் பெரிய உழைப்பாளி. அவர் நூல் இல்லாமல் நாம் எதையும் தொடங்க முடியாது. அந்த நூலின் தலைப்பில் செஞ்சியும் அதன் ஆட்சியாளர்களும் உண்டு. குடிகளைப் பற்றிய நூல் இன்னும் எழுதப்படவில்லை.

நான் பேசப்போவது அந்தக் குடிகளின் ஊர்களைப் பற்றி. இந்த அனந்தபுரம் ஒரு பேரூராட்சி. இதற்குச் செயல் அலுவலர் இருக்கிறார், வார்டு இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் வந்து தேடினாலும் ஏதாவது ஒரு காகிதம் கிடைக்கும். இங்கிருந்து எந்தத் திசையில் சைக்கிளை மிதித்தாலும் சற்று நேரத்தில் நாற்பது வீடு, அறுபது வீடு என்று ஒரு குடியிருப்பு வரும். ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம், பேருந்து நிற்கும் இடம் என்று மஞ்சள் பெயின்டில் ஒரு பலகை. அதற்குத் தனி ஊராட்சி இல்லை. வருவாய்க் கணக்கில் அது தனிக் கிராமமும் இல்லை. பக்கத்து ஊரின் பெயரில் அடங்கிய ஒரு குக்கிராமம். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,525 என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. அவற்றுக்குள் அடங்கிய குடியிருப்புகள் 79,000-க்கும் மேல். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு குடியிருப்பு. ஆறில் ஒன்றின் பெயர்தான் முத்திரையில் ஏறும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூலைப் புரட்டினாலும் வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் எண்ணிக்கை கிடைக்கும். மற்ற குடியிருப்புகளின் ஆட்களெல்லாம் அந்த எண்ணுக்குள் கரைந்திருப்பார்கள்.

ஏன் இப்படி ஆனது? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். அகலமான நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள். புல எண், உட்பிரிவு, ரயத்துவாரியா சர்க்காரா, நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் என்ன, மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். 1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்த நாடு கும்பினி கைக்குப் போனது. பிறகு ரயத்துவாரி முறை வந்தது. 1858-க்குப் பிறகு சங்கிலி பிடித்து அளந்து புலம் புலமாகக் கணக்கு எழுதினார்கள். இந்த ஏற்பாடு முழுக்கத் தீர்வை வசூலுக்காகச் செய்யப்பட்டது. எந்த நிலம் எவ்வளவு வரி கட்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் கேள்வி. ஒரு ஊரில் எத்தனை தெரு, எத்தனை குடும்பம், யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்பது வரி வசூலுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே வீடுகள் இருந்த இடமெல்லாம் சேர்த்து நத்தம் என்று ஒரே எண்ணில் முடிந்தது. வீட்டு மனைக்குத் தனித்தனியாக எண் கொடுத்துத் தோராயப் பட்டா கொடுத்ததெல்லாம் நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகு, நம் கண்முன்னே நடந்தது.

என் வாதமெல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. பதிவேடு வரி கட்டிய நிலத்தை நினைவு வைத்திருக்கிறது. வரி கட்டாத இடத்தில்தான் ஊர் வாழ்ந்தது. ஏரி வரி கட்டவில்லை. களம் வரி கட்டவில்லை. சுடுகாடு, மேய்ச்சல் தரை, ஓடை, மந்தைவெளி எதுவும் வரி கட்டவில்லை. நிலமில்லாத மனிதர் வரி கட்டவில்லை. இவற்றையெல்லாம் புறம்போக்கு என்று ஒதுக்கி, குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு குக்கிராமத்தின் வரலாற்றை எழுத நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் குறிப்புக் கட்டத்தைத்தான். ஒரு புலத்துக்கு எதிரே 'களம்' என்று இருக்கும். இன்று அங்கே வீடுகள் நிற்கும். 'பாதை' என்று இருக்கும். இன்று அது எவருடைய கரும்புத் தோட்டத்துக்குள்ளோ மறைந்திருக்கும். ஒரே கிராமத்தில் இரண்டு மூன்று சுடுகாடு தனித்தனி எண்ணில் இருந்தால், அங்கே எத்தனை சாதி எப்படிப் பிரிந்து வாழ்ந்தது என்று அந்த ஒரே சொல் சொல்லிவிடும்.

பழைய பதிவேடு தேவை என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 1980-களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்த வேலை நடந்தபோது ஏக்கர் ஹெக்டேர் ஆனது, எண்கள் மாறின, பெயர்களில் பிழை ஏறியது. பட்டாவில் அப்பன் பெயர் மாறிப்போய் இன்றுவரை தாலுக்கா அலுவலகத்துக்கு அலைகிறவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அதற்குச் சற்று முன்னால், 1980 நவம்பர் 14 அன்று, கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லது. அதை நான் மனதார வரவேற்பவன். ஆனால் கணக்குப்பிள்ளை வீட்டு மரப்பெட்டியில் இருந்த பழைய கட்டுகளில் ஒரு பகுதி அலுவலகத்துக்கு வரவே இல்லை. சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். கரையான் முந்திக்கொள்வதற்குள் கேட்டு வாங்கிப் படம் பிடித்துவைக்க வேண்டும்.

பதிவேட்டுக்கு அடுத்தது தண்ணீர். இந்த வட்டாரத்தில் ஊர்களைச் சேர்த்துக் கட்டிவைத்தது தண்ணீர்தான். பனமலைக்கு இங்கிருந்து எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு. அங்கே ஒரு சிற்றாலயச் சுவரில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் ஆட்டத்தைப் பார்க்கும் உமையின் ஓவியம் மிச்சமிருக்கிறது. உலகம் முழுவதும் கலை வரலாறு படிப்பவர்களுக்குப் பனமலை என்றால் அந்த ஓவியம்தான். குன்றின் மேலிருந்து கீழே பார்த்தால் ஏரி தெரியும். இந்தப் பக்கத்து விவசாயிக்குப் பனமலை என்றால் அந்த ஏரி. நந்தன் கால்வாயின் கடைசி ஏரி அது.

நந்தன் கால்வாயைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்றின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டில் தொடங்கி, ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வந்து, வழியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்குத் தண்ணீர் விட்டு, பனமலையில் முடிகிறது. நந்தன் என்ற அரசன் வெட்டியது என்பது ஊர் வழக்கு. அந்த நந்தன் எந்த நந்திவர்மன் என்ற விவாதத்தை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடுவோம். ஊர் வரலாறு எழுதுபவருக்கு வேறு கேள்வி இருக்கிறது. மேலே இருக்கும் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். ஆக, தலைமடை ஊரும் கடைமடை ஊரும் எத்தனையோ தலைமுறையாகப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி வந்திருக்கின்றன. கால்வாயைத் தூர்வாரச் சொல்லியும் தென்பெண்ணைத் தண்ணீரை இதில் திருப்பச் சொல்லியும் விவசாயிகள் ஆண்டாண்டாக மனுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த மனுக்களின் நகல்களை ஒரு கோப்பில் சேர்த்தால் அதுவே இந்த ஊர்களின் வரலாற்று நூலில் பாதி ஆகிவிடும்.

தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர் யார்? நிலம் வைத்திருந்தவரைவிட, ஏரிக்கரையில் நடந்த நீர்க்கட்டிக்கு அதிகம் தெரியும். கம்புகட்டி என்றும் சொல்வார்கள். எந்த மதகை எவ்வளவு திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையில் எட்டும், எந்த இடத்தில் கரை கசியும், எந்த ஆண்டு மழையில் உடைந்தது என்பதெல்லாம் அவர் நடந்து நடந்து கற்றது. அறுவடையில் அவருக்குப் படி நெல் கிடைத்தது. பெரும்பாலும் அவர் காலனியிலிருந்து வந்தவர். ஏரித் தண்ணீரை ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் இருந்ததா என்று கேளுங்கள். 1858-ல் குடிமராமத்துக்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்தலாம் என்று சென்னை மாகாணத்துக்குச் சட்டமே போட்டார்கள். கரையில் மண் சுமந்தவர்களின் பட்டியல் இருந்திருந்தால் அதில் யாருடைய பெயர்கள் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிணறும் பம்புசெட்டும் பெருகிய பிறகு ஏரி பாசனத்தில் பின்னுக்குப் போனது. நீர்க்கட்டி வேலையும் அதோடு போனது. அந்த வேலை பார்த்தவர்களில் மிச்சமிருக்கும் கிழவர்கள் வெகு சிலர். அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.

ஒரு சிற்றூரை இப்படி நின்று பார்த்து எழுத முடியுமா, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இருவேல்பட்டைச் சொல்வேன். தொலைவில் இல்லை, நம் விழுப்புரம் மாவட்டத்து ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். உங்கள் ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏர், கூலி என்ன, கடன் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு நிலம், கேட்டு எழுதி வாருங்கள் என்றார். 1916-ல் அப்படி எழுதப்பட்ட ஊர்களில் இருவேல்பட்டும் ஒன்று. வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவையும் அந்த வரிசையில் உண்டு. 1918-ல் நூலாக வந்தது. அதோடு நிற்கவில்லை. 1930-களில் மறுபடி போனார்கள். அதன் பிறகும் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த கணக்கு அது.

அதில் என்ன தெரிந்தது? முதல் கணக்கெடுப்பின்போது ஊர் நிலத்தில் பெரும்பங்கு ஒரே குடும்பத்தின் கையில். படியாள்கள் கடனுக்குக் கட்டுப்பட்டு அந்த வீட்டுக்கே உழைத்தார்கள். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன். அந்த முறை மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரே நாளில் தளரவில்லை, ஒரே காரணத்தாலும் தளரவில்லை. நகரத்துக்குப் போய்க் கூலி வேலை பார்க்க வழி பிறந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ரேஷன் அரிசி வந்தது, கட்சிகள் வந்தன, காலனியில் தலைநிமிர்ந்து பேசும் தலைமுறை வந்தது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்று பொருளாதார அறிஞர்கள் விவாதிக்க முடிகிறதென்றால், 1916-ல் ஒரு கல்லூரி மாணவர் தன் விடுமுறையில் வீடுவீடாகப் போய் எழுதியதுதான் காரணம். அந்த மாணவருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. ஒரு கேள்வித்தாளும் பொறுமையும்தான் அவரிடம் இருந்தவை.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். சொல்லாமல் போனால் இந்த உரைக்குப் பொருளில்லை. ஊர் வரலாறு என்று சொல்லிக்கொண்டு ஊர்த்தெருவின் வரலாற்றை மட்டும் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தல புராணம், நாட்டாமைக் குடும்பங்களின் வம்சாவளி, தேர் ஓடிய கதை, அதோடு முடிந்துவிடும். காலனி ஒரு வரியில் வரும், அல்லது வராது. ஒரே ஊராட்சி, ஒரே வருவாய்க் கிராமம், ஆனால் தண்ணீர் எடுத்த கிணறு வேறு, நடந்த பாதை வேறு, சுடுகாடு வேறு. காலனி மக்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கதையில் வேறு ஆண்டுகள் முக்கியமானவை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்த நாள், தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்த ஆண்டு, முதல் பிள்ளை பத்தாவது தேறிய ஆண்டு, தேநீர்க் கடையில் தனிக் குவளையை எதிர்த்த நாள். இந்த ஆண்டுகள் இல்லாமல் எழுதும் எதையும் ஊர் வரலாறு என்று ஏற்க எனக்கு மனம் வராது.

அதற்கும் வெளியே ஏரிக்கரையிலும் ஓடை ஓரத்திலும் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. பத்துக் குடிசை, பன்னிரண்டு குடிசை. குக்கிராமம் என்ற பெயர்கூட அவற்றுக்குக் கிடையாது. நில அளவை வந்தபோது அவர்கள் எந்தக் கட்டத்திலும் விழவில்லை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்கு மாட்டிக்கொண்டார்கள். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அது அவர்கள் வாசலுக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் அவர்களோடு நின்று சாதிச் சான்றிதழுக்கும் மனைப் பட்டாவுக்கும் போராடியதை இந்த மாவட்டம் அறியும். அந்த மக்களுக்கு இந்த மண் தெரியும். எந்த வரப்பில் எலி வளை தோண்டி எவ்வளவு கதிரைச் சேர்த்து வைத்திருக்கும், எந்தப் புற்றில் ஈசல் எந்த மழைக்குப் புறப்படும், எந்தச் செடி எந்தக் கடிக்கு ஆகும் என்பதெல்லாம் அவர்கள் கைவசம் இருக்கும் ஆவணங்கள். நம் நாட்டில் காகிதம் காட்டாதவரிடம் வரலாறு கேட்பதில்லை என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அதை நாம் இங்கே மீற வேண்டும்.

திருவிழாவும் ஓர் ஆவணம்தான். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி, பழைய செஞ்சி என்றே சொல்லப்படும் சிற்றூர். அங்கிருக்கும் திரௌபதி அம்மன் கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் மூலத்தலமாகச் சொல்கிறார்கள். ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்க அறிஞர் இங்கே வந்து, கூத்துக் கலைஞர்களிடமும் பாரதம் படிப்பவர்களிடமும் பூசாரிகளிடமும் கேட்டுக் கேட்டு, திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெருநூல் எழுதினார். முதல் தொகுதி 1988-ல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பதே அதன் துணைத்தலைப்பு. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த ஒருவர் நம் சிற்றூரில் உட்கார்ந்து இவ்வளவு கேட்டிருக்கிறார். அக்கினி வசந்த விழாவில் எந்த நாள் உபயம் எந்தக் குடியிருப்புக்கு, துரியோதனன் படுகளத்துக்கு மண் கொண்டுவருவது யார், தீக்குழிக்கு விறகு எந்த ஊர், காப்புக் கட்டுவது யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எந்த ஊர் எந்த ஊரிலிருந்து பிரிந்தது, எது மூத்தது, யாரோடு யாருக்குச் சண்டை வந்து உபயம் மாறியது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். தேசிங்கு ராஜன் கதையும் அப்படித்தான். 1714 அக்டோபர் 3 அன்று அந்த இளம் அரசன் களத்தில் விழுந்தான். பாட்டுக்காரர்கள் கடலி என்றும் நீலாம்பூண்டி என்றும் ஊர்ப் பெயர்களை இன்றும் பாடுகிறார்கள். அந்தப் பெயர்கள் வழக்கில் நிற்பதற்குப் பாட்டு ஒரு காரணம்.

பயிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இந்த மண்ணின் தலையெழுத்தை மாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டு மானாவாரி நிலத்தில் அது பரவியது. புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி மார்செய்ல் ஆலைகளுக்குப் போனது. கேழ்வரகும் கம்பும் விளைந்த மேட்டு நிலத்தில் காசுப்பயிர் வந்தது. மார்செய்லில் எண்ணெய் விலை இறங்கினால் நம் மேட்டுக் குடியிருப்பில் அடுப்பு எரியாத நிலையும் கூடவே வந்தது. அந்தக் காலத்தில் ஏரிப் பாசனத்துக்கு வெளியே, மேட்டுக்காட்டை ஒட்டி முளைத்த குடியிருப்புகள் எவை என்று தேடிப் பார்க்க வேண்டும். நம் குக்கிராமங்களில் சிலவற்றின் வயது மல்லாட்டையின் வயதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அதே காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. 1876 முதல் 1878 வரை. அதற்கு முன்பிருந்தே மக்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களில் ஆற்காட்டு மாவட்டங்களின் குடிகள் ஏராளம். கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். அந்தப் பேரேடுகள் இன்றும் தென்னாப்பிரிக்காவில் பாதுகாப்பாக இருக்கின்றன. சிந்தித்துப் பாருங்கள். நம் தாலுக்கா அலுவலகம் பெயர் எழுதாத ஏழைக் குடியானவரை, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியவர்கள் தழும்போடு எழுதிவைத்தார்கள். உழைப்பு தேவைப்பட்டபோது அவருக்கு ஓர் ஊர் இருந்தது அவர்களுக்குத் தெரிந்தது.

இப்போது அங்கிருந்து நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் தாத்தாவின் ஊரைத் தேடி வருகிறார்கள். கையில் ஒரு காகிதம் இருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிய ஓர் ஊர்ப்பெயர். அது வருவாய்க் கிராமத்தின் பெயராக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். குக்கிராமத்தின் பெயராக இருந்தால் எந்த அலுவலகத்தின் பட்டியலிலும் கிடைக்காது. ஊரே இருக்கும், ஆட்களும் இருப்பார்கள், அந்தக் குடும்பத்தின் கிளையே பக்கத்துத் தெருவில் இருக்கும். அலுவலகத்தில் கேட்டால் இல்லை என்றே பதில் வரும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமில்லை. இந்த ஊர் நூலகத்தில் ஒரு தடித்த பேரேடு வைப்போம். அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு குடியிருப்புக்கும் நான்கு பக்கம். குடியிருப்பின் இப்போதைய பெயர், பழைய பெயர், அடுத்த ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயர். எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்கியது. எந்த ஏரி, எந்த மதகு, தண்ணீர் பங்கிட்டவர் குடும்பம் எது. வயல்களுக்கும் மேடுகளுக்கும் ஊரார் வழங்கும் பெயர்கள். எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. யார் எங்கே போனார்கள், பெங்களூருக்கா, திருப்பூருக்கா, வளைகுடாவுக்கா. பெண்கள் எந்த ஊர்களிலிருந்து கட்டிக்கொண்டு வரப்பட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். பாதி ஊரின் வரலாறு வேறு ஊரில் பிறந்து இங்கே வந்தவர்களின் வரலாறு; எழுதியவர்கள் அம்மாவிடம் கேட்காமல் அப்பாவிடம் மட்டும் கேட்டதால் அது விடுபட்டுப்போனது. ஒரே சம்பவத்தை ஊர்த்தெரு ஒருவிதமாகவும் காலனி வேறுவிதமாகவும் சொன்னால், இரண்டையும் சொன்னபடி அடுத்தடுத்த பக்கத்தில் எழுதுங்கள். சமரசம் செய்து ஒன்றாக்க வேண்டாம். சொன்னவர் வயதையும் எழுதிய தேதியையும் போடுங்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளில் குடியிருப்புக்கு ஒருவர் முன்வந்தால் போதும். இருவேல்பட்டுக்கு அந்த மாணவர் விடுமுறையில்தான் போனார். உங்களுக்கும் விடுமுறை வருகிறது. தலைமடையிலிருந்து தொடங்கினால் கடைமடை விட்டுப்போகும், அது நம் பழக்கம். பனமலை ஏரியின் கடைசி மதகுக்குக் கீழே இருக்கும் குடியிருப்புகளிலிருந்து தொடங்குங்கள். நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவர்கள் பகலில் திண்ணையில் இருப்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குமேல் ஆடு ஓட்டிவரப் போய்விடுவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள்.